சட்டகத்துக்கு வெளியே உள்ள காடு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



'சஃபாரி' என்னும் சொல் தமிழ்நாட்டில் பலருக்கும் ஓர் உடையின் பெயராகவே அறிமுகமாயிற்று. மேற்சட்டையும் கால்சட்டையும் ஒரே துணியில் தைத்து, அதிகாரிகளும் மாப்பிள்ளைகளும் அணிந்து நின்ற உடை அது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அரபு மொழியின் வேரிலிருந்து அங்கே சென்று, ஐரோப்பியர் நாவில் வேட்டைப் பயணம் என்று சுருங்கி, இன்று விலங்குகளைக் கண்டும் படம் பிடித்தும் திரும்பும் சுற்றுலாவைக் குறித்து நிற்கிறது. கையிலிருந்த துப்பாக்கி புகைப்படக் கருவியாக மாறியபோது, கண்ணின் பார்வையும் மாறியதா? இவ்வுரை எடுத்துக்கொண்ட கேள்வி இதுவே. இது விலங்கியலாரின் கேள்வி மட்டுமன்று. காட்சியைச் சொல்லில் நிறுத்த முயலும் கவிஞர்களுக்கும் உரிய கேள்வி.

ஆங்கிலத்தில் துப்பாக்கியால் சுடுவதற்கும் படம் எடுப்பதற்கும் ஒரே வினைச்சொல் வழங்குகிறது. தமிழில் 'படம் பிடித்தல்' என்கிறோம். ஓடுவதைப் பிடிப்பதும் பிடித்தல். மனத்துக்கு உவப்பாவதும் பிடித்தல். கைப்பற்றும் ஆசையும் அன்பும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. காட்டு விலங்கைப் படம் பிடிக்கச் செல்வோரின் வரலாற்றிலும் இவ்விரண்டும் பிரிக்க இயலாதபடி கலந்தே கிடக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்றைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் கார்ல் கேயோர்க் ஷில்லிங்ஸ் என்பவர் இரவு விலங்குகளை ஒளிப்பொடி வெடித்துப் படமாக்கினார். இரையாக ஒரு கால்நடையைக் கட்டிவைத்து, சிங்கம் பாயும் நொடியில் வெளிச்சம் வெடிக்குமாறு கருவிகளை அமைத்தார். அப்படங்கள் ஐரோப்பாவை வியப்பில் ஆழ்த்தின. அவர் தம் நூலுக்கு இட்ட தலைப்பு 'மின்னொளியும் துப்பாக்கியும் கொண்டு' என்று பொருள்படுவது. ஒரே மனிதரின் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் கருவியும் இருந்தன என்பதை மறைக்காத நேர்மையான தலைப்பு அது.

துப்பாக்கியின் நிழல் இன்றும் நீங்கவில்லை. ஆப்பிரிக்கக் காப்பகத்துக்குச் செல்வோர் அனைவரும் 'ஐம்பெரும் விலங்குகள்' என்னும் பட்டியலைக் கேட்டிருப்பர்: சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம். உருவப் பெருமையே அளவுகோலாயின் நீர்யானைக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் அதில் இடம் இருந்திருக்க வேண்டும். கால்நடையாகச் சென்று வேட்டையாடுவோருக்கு மிகுந்த இடரைத் தந்த ஐந்து விலங்குகள் என்பதே அப்பட்டியலின் தோற்றம். தமிழில் ஐம்பெருங்காப்பியம் என்று எண்ணி வைத்ததன் பயனாகப் பட்டியலுக்கு வெளியே நின்ற நூல்கள் எத்துணை காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன என்பதை இவ்வவையோர் அறிவர். தென்னாப்பிரிக்காவின் பணத்தாள்களிலும் அவ்வைந்தும் அச்சாகியுள்ளன. வேட்டைக்காரன் வகுத்த பட்டியலைச் சுற்றுலாப் பயணி தன் ஏட்டில் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அடித்து வருகிறான்.

பொதுவாகப் பேசுவதினும் ஒரு காட்டை எடுத்துக்கொண்டு பேசுவது நலம். தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீண்டு கிடக்கிறது க்ரூகர் தேசியப் பூங்கா. 1898இல் டிரான்ஸ்வால் குடியரசின் தலைவராக இருந்த பால் க்ரூகர், சாபி ஆற்றுக்கும் முதலை ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தை விலங்குக் காப்பகமாக அறிவித்தார். போயர் போருக்குப் பின்னர், 1902இல் ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன் அதன் காவலராகப் பொறுப்பேற்று 1946 வரை பணியாற்றினார்.

அக்காலத்தில் காப்பகத்தை ஒழித்துவிட்டுச் சுரங்கத்துக்கும் மேய்ச்சலுக்கும் நிலத்தைத் தரவேண்டும் என்ற குரல்கள் வலுவாக இருந்தன. காட்டைக் காத்ததில் ஒரு புகைவண்டிக்கும் பங்குண்டு. 1923இல் தென்னாப்பிரிக்க இரயில்வே ஒன்பது நாள் சுற்றுலா வண்டி ஒன்றை இயக்கியது. வழியில் காப்பகத்தினுள் நின்று சென்ற அந்த இடமே பயணிகளின் நெஞ்சைக் கவர்ந்தது. பார்க்க வருவோர் உண்டு என்று தெரிந்ததும் காட்டுக்கு ஒரு விலை பிறந்தது. 1926இல் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறிற்று. 1927இல் முதன்முறையாகப் பயணிகளின் மோட்டார் வண்டிகள் உள்ளே விடப்பட்டன. அவ்வாண்டில் வந்தவை மூன்றே வண்டிகள். இன்று ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்ற இடம் அது. பார்க்கும் ஆசைதான் அக்காட்டைக் காத்தது. பார்வையைக் குறைகூறப் புகுமுன் இவ்வுண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அங்கே ஒரு நாள் எவ்வாறு கழிகிறது? விடியற்காலையில் முகாமின் வாயில் திறக்கிறது; பொழுது சாய்கையில் அடைக்கப்படுகிறது. பிந்தி வருவோர் தண்டம் கட்ட வேண்டும். தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண்சாலையில் 40 என்பது வேக வரம்பு. குறித்த சில இடங்களைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கலாகாது. அங்கே கூண்டுக்குள் இருப்பவன் மனிதன். விலங்கு வெளியே உலவுகிறது. வண்டியின் சன்னல் விளிம்பில் தானியம் நிரப்பிய துணிப்பையை வைத்து, அதன்மேல் நீண்ட வில்லையைக் கிடத்தி, கை நடுங்காமல் காத்திருக்கிறார்கள். விடிந்த ஒரு மணி நேரமும் அடைவதற்கு முந்திய ஒரு மணி நேரமுமே அவர்களுக்குப் பொன்னான பொழுதுகள். அப்போது ஒளி சாய்வாக விழுந்து சிங்கத்தின் பிடரியில் ஒவ்வொரு மயிரையும் தனித்துக் காட்டுகிறது. நடுப்பகலில் ஒளி தலைக்குமேல் நின்று கண்குழிகளை இருளாக்குகிறது. விலங்கும் நிழல் தேடிப் படுத்துவிடுகிறது.

பூங்காவின் மேற்கெல்லையை ஒட்டிய தனியார் காப்பகங்களில் மேற்கூரையில்லாத வண்டிகள் ஓடுகின்றன. அவற்றின் முகப்பில், இயந்திரத்துக்கும் முன்னால் நீட்டிய சிறு இருக்கையில், தடம் பார்ப்பவர் அமர்ந்திருப்பார். பெரும்பாலும் அவ்வட்டாரத்துச் சோங்கா மக்களில் ஒருவராக அவர் இருப்பார். அவர் கையில் படக்கருவி இல்லை. புழுதியில் பதிந்த அடியின்மேல் பனித்துளி விழுந்த குறி இருந்தால் விலங்கு இரவே கடந்துவிட்டது என்பார். பனியைக் கலைத்துக்கொண்டு அடி பதிந்திருந்தால் இப்போதுதான் போயிற்று என்பார். இம்பாலா மான்கள் ஒரே திசையில் தலை நிமிர்த்திச் சீறினால் அத்திசையில் பகை உண்டு. உண்ணி கொத்தும் பறவைகள் புதரிலிருந்து கலகலத்து எழுந்தால் அப்புதருக்குள் எருமையோ காண்டாமிருகமோ நிற்கக்கூடும். மடிந்த புல், சாணத்தின் ஈரம், திடீரென அடங்கிய பறவைக் குரல் ஆகியவற்றைச் சேர்த்து அவர் படிக்கிறார். பின்னால் அமர்ந்திருப்போர் விலங்கைப் பார்க்கின்றனர். முன்னால் அமர்ந்திருப்பவர் விலங்கு விட்டுச்சென்றதைப் பார்க்கிறார். காட்டைப் பனுவலாகக் கொண்டால் அவ்வண்டியில் உள்ள வாசகர் அவர் ஒருவரே. ஆயினும் ஊருக்குத் திரும்பிய எவருடைய படத்திலும் அவர் இல்லை.

ஒற்றைப் படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு இப்பூங்காவிலேயே ஒரு சான்று உண்டு. 2004 செப்டம்பரில், டிரான்ஸ்போர்ட் அணை என்னும் நீர்நிலையருகே, தொழில்முறைக் கலைஞர் அல்லாத ஒரு பயணி தன் வீடியோக் கருவியைத் திறந்து வைத்தார். காட்டெருமைக் கூட்டம் ஒன்று கரையோரம் வந்தது. பதுங்கியிருந்த சிங்கங்கள் பாய்ந்தன. ஒரு கன்று சிக்கி, சிங்கங்களோடு நீரில் விழுந்தது. நீருக்குள்ளிருந்து முதலை கன்றைப் பற்றியது. இருபுறமும் இழுபறி நடந்து, கன்றைச் சிங்கங்களே கரைக்கு இழுத்தன. கன்றின் கதை முடிந்தது என்றே எவரும் எண்ணுவர். அப்போது ஓடிய எருமைகள் கூட்டமாகத் திரும்பி வந்தன. ஒரு சிங்கத்தைக் கொம்பால் வானில் தூக்கி எறிந்தன. கன்று எழுந்து கூட்டத்துக்குள் நடந்தது. ஏறத்தாழ எட்டு நிமிடம் ஓடும் அப்படம் 2007இல் இணையத்தில் வெளியாகிக் கோடிக்கணக்கானோரால் காணப்பட்டது.

அந்தப் பயணி மூன்றாம் நிமிடத்தில் ஒரே ஒரு புகைப்படம் எடுத்துவிட்டுப் புறப்பட்டிருந்தால், அது சிங்கத்தின் வெற்றியைக் கூறும் அழகிய படமாக இருந்திருக்கும். ஆனால் நிகழ்ந்ததற்கு மாறானதைக் கூறியிருக்கும். அவர் செய்ததெல்லாம் கருவியை மூடாமல் நின்றதுதான். கவிதை எவ்விடத்தில் முடிகிறது என்பதும் அதன் பொருளில் பாதி என்பதைக் கவிஞர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் நுணுகினால், அந்த நீர்நிலையும் இயற்கையாக அமைந்ததன்று. அது மனிதன் கட்டிய அணை. வறட்சிக்கு அஞ்சிய பூங்கா நிருவாகம் 1930கள் தொடங்கிப் பல பத்தாண்டுகளாக நூற்றுக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகளையும் அணைகளையும் அமைத்தது. நீர் கிடைத்ததும், வறண்டு கிடந்த வடபகுதிக்கு வரிக்குதிரைகள் பெருகி வந்தன. அவற்றைப் பின்தொடர்ந்து சிங்கங்கள் வந்தன. உயர்ந்த புல்லை நம்பி அங்கே அமைதியாக வாழ்ந்த ரோன் என்னும் பெரிய மறிமான்கள் இரையாயின. 1986இல் ஏறத்தாழ 450ஆக இருந்த அவை 1993இல் 45 அளவுக்குச் சுருங்கின. பின்னர் நிருவாகமே பல நீர்நிலைகளை மூடியது. அருளாகச் செய்த ஒன்று அழிவாய் முடிந்த கதை இது. ஆனால் நீர் அருந்தக் குனிந்த வரிக்குதிரையும் நீரில் தலைகீழாய்த் தெரியும் அதன் நிழலும் சேர்ந்த படத்தில் இக்கதையின் ஒரு வரிகூட இராது. 'மனிதன் கை படாத காடு' என்றே அதன் கீழ் எழுதுவார்கள்.

மனிதன் கை படாத காடு என்னும் அத்தொடர்தான் இவ்வுரையின் மையத்துக்கு இட்டுச் செல்வது. ஸ்டீவன்சன்-ஹாமில்டன் தம் அனுபவங்களை எழுதி 1937இல் வெளியிட்ட நூலின் பெயர் 'தென்னாப்பிரிக்க ஏதேன்' எனப் பொருள்படும். ஏதேன் தோட்டத்தின் கதையில் மனிதர் வெளியேற்றப்படுவர். காப்பகத்திலும் அதுவே நிகழ்ந்தது. தொடக்க ஆண்டுகளிலேயே சாபிப் பகுதியில் வாழ்ந்த மக்களை அவர் வெளியேற்றினார். அம்மக்கள் அவருக்கு இட்ட பெயர் 'ஸ்குகூசா'. துடைத்துப் பெருக்குபவர் என்று அதற்குப் பொருள் கூறுவர். 1936இல் பூங்காவின் தலைமை முகாமுக்கு அதே பெயர் சூட்டப்பட்டது. இன்று பயணிகள் இறங்கும் வானூர்தி நிலையத்துக்கும் அதுவே பெயர். ஒடுக்கப்பட்டோர் கசப்போடு இட்ட பெயர், பொருள் மறந்து, வரவேற்புப் பலகையாக நிற்கிறது.

பூங்காவின் வடகோடியில், லுவூவு ஆற்றை நோக்கிய குன்றின்மேல், துலமேலா என்னும் கற்சுவர் நகரின் இடிபாடுகள் உள்ளன. ஐரோப்பியர் அங்கே வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மக்கள் அங்கு வாழ்ந்தனர், பொன்னைத் தொழிற்படுத்தினர், இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் வழியே வந்த கண்ணாடி மணிகளை அணிந்தனர். அந்நிலத்தை மனிதரற்றது என்று வரைந்த படத்தை அக்கற்களே மறுக்கின்றன.

அதே வடகோடியில், லிம்போப்போ ஆறும் லுவூவு ஆறும் கூடுமிடத்தில், மகுலேகே மக்கள் வாழ்ந்து வந்தனர். 1969இல் நிறவெறி அரசு அவர்களில் ஏறத்தாழ 3,000 பேரை அங்கிருந்து அகற்றி, நிலத்தைப் பூங்காவோடு இணைத்தது. தங்கள் வீடுகளுக்குத் தாங்களே தீயிடுமாறு அவர்கள் வற்புறுத்தப்பட்டனர். தென்னாப்பிரிக்காவில் மக்களாட்சி மலர்ந்த 1994இல் நிலமீட்புச் சட்டம் வந்தது. மகுலேகே மக்கள் வழக்காடி 1998இல் இருபதாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தின் உரிமையைத் திரும்பப் பெற்றனர். பெற்றபின் அவர்கள் செய்ததுதான் கருதத்தக்கது. அங்கே மீண்டும் குடியேறவோ உழவு செய்யவோ இல்லை. நிலம் காடாகவே இருக்கட்டும் என்றனர். பூங்கா நிருவாகத்தோடு கூட்டாகப் பேணவும், அங்கே அமையும் விடுதிகளிலிருந்து வருவாயும் வேலையும் பெறவும் உடன்பட்டனர். காட்டைக் காப்பதற்கு மக்களை வெளியேற்றுவது கட்டாயம் என்ற பழைய வாதத்துக்கு, வெளியேற்றப்பட்ட மக்களே தந்த விடை அது.

பார்க்கும் உரிமையும் அனைவருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. நிறவெறிக் காலத்தில் நெடுநாள் வெள்ளையர் அல்லாத பயணிகள் இரவு தங்குவதற்குப் பலூலே என்னும் வசதி குறைந்த சிறு முகாமே ஒதுக்கப்பட்டிருந்தது. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழிவந்தோருக்கும் இவ்விலக்கு பொருந்திற்று. ஆயினும் ஆப்பிரிக்கரும் இந்திய வழியினரும் அக்காலத்திலும் பூங்காவுக்குச் சுற்றுலாப் பயணிகளாகச் சென்றதுண்டு. அவ்வரலாற்றை ஜேக்கப் த்லாமினி 2020இல் வெளிவந்த 'சஃபாரி நேஷன்' என்னும் நூலில் விரிவாக எழுதியுள்ளார். கறுப்பின மனிதன் காட்டில் சுமைதூக்கியாகவோ திருட்டு வேட்டைக்காரனாகவோ மட்டுமே தோன்றிய படத்தை அந்நூல் திருத்துகிறது.

இனி, காண்டாமிருகம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் இப்பகுதியில் வெள்ளைக் காண்டாமிருகம் சுட்டு ஒழிக்கப்பட்டுவிட்டது. 1961 முதல் நேட்டாலின் உம்ஃபொலோசிக் காப்பகத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை பெருகி, 2010ஆம் ஆண்டையொட்டிப் பத்தாயிரம் என்னும் அளவை எட்டின. அதன்பின் கொம்புக்காக நடந்த கொலைகளாலும் வறட்சியாலும் பத்தாண்டுக்குள் அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. இன்றைய கருவிகள் எடுக்கும் படத்தோடு, எடுத்த இடத்தின் குறிப்பும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. ஒருவர் மகிழ்ச்சியோடு ஊரறிய வெளியிட்ட படம், கொல்ல வருபவனுக்கு வழிகாட்டிவிடக்கூடும். எனவேதான் காண்டாமிருகத்தைக் கண்ட இடத்தை வெளியிட வேண்டா என்று காப்பகங்கள் பயணிகளை வேண்டுகின்றன. துப்பாக்கியிலிருந்து விலகி வந்ததாகக் கருதப்பட்ட கருவி, சுற்றி வளைத்து மீண்டும் துப்பாக்கிக்கே துணைபோகும் நிலை இது. கண்டதைச் சொல்லாதிருப்பதே சில வேளைகளில் கண்டதற்குச் செய்யும் கைம்மாறு.

கவிஞர்களே, இவற்றால் புகைப்படம் பொய் என்று முடிவுகட்டுவதற்கில்லை. கருவி தன் முன் உள்ளதையே பதிக்கிறது. ஆனால் நான்கு கோடுகளுக்குள் ஒன்றை நிறுத்துவது என்பது, எஞ்சியவற்றை வெளியே நிறுத்துவதும் ஆகும். படிமம் படிமம் என்று புதுக்கவிதையில் பெரிதும் பேசப்படுகிறது. படிமமும் ஒரு சட்டகமே. அதற்குள் வந்ததன் அழகைப் போற்றும் திறனாய்வு, வெளியே நிறுத்தப்பட்டது யாது, எவர் என்று கேட்கத் தயங்குகிறது.

தமிழின் பழைய இலக்கணம் இவ்வினாவை எளிதாகக் கடந்திருக்கிறது. திணைக்குரிய கருப்பொருள்களை எண்ணும்போது விலங்கும் பறவையும் மரமும் ஒருபுறம், மனிதர் மறுபுறம் என்று அது பிரிக்கவில்லை. அந்நிலத்து மக்களின் உணவும் தொழிலும் பறையும் யாழும் யானையோடும் மயிலோடும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டன. குறிஞ்சியில் யானை உண்டு. அந்த யானையிடமிருந்து தினையைக் காக்கும் பெண்ணும் உண்டு. இருவருக்கும் இடையே அச்சமும் பூசலும் உண்டு. எனினும் ஒருவரைத் துடைத்துவிட்டு மற்றவரை வரைதல் அங்கே இல்லை. அவ்விலக்கணம் க்ரூகருக்காக எழுதப்பட்டதன்று. ஆனால் அதைக் கற்ற கண், மனிதரற்ற காட்டின் படத்தைக் கண்டவுடன் இங்கே கருப்பொருளில் பாதி குறைகிறதே என்று கேட்கும் தகுதி உடையது.

ஆப்பிரிக்கக் காட்டுக்குச் செல்லும் வாய்ப்பு எவருக்கேனும் கிட்டுமாயின் மகிழ்ந்து செல்க. சிங்கத்தையும் யானையையும் கண்குளிரக் காண்க; படமும் பிடிக்க. அவ்வாறு செல்வோர் தரும் கட்டணத்தாலும் காடு வாழ்கிறது. அத்துடன், வண்டியின் முகப்பில் அமர்ந்து நிலத்தைப் படிக்கும் மனிதரிடம் பேசுக; அவர் பாட்டனார் எந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தார் என்று கேட்க. நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க. திரும்பி வந்து எழுதும் கவிதையில் அம்மனிதருக்கும் அந்த ஆற்றங்கரைக்கும் ஒரு வரி கிடைக்குமாயின், கருவி மாறியதோடு பார்வையும் மாறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

பத்தாண்டுகளாகப் பார்வையைப் பழக்கிவரும் இவ்வட்டம் மேலும் பல பத்தாண்டுகள் தழைத்து ஓங்குக.